பத்து வரிக்கு மிகாமல்

சங்க வரலாறு, பத்து வரிக்கு மிகாமல்
என்று கடன் மனுவின் நாலாம் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள்
மேனேஜர் சார்.
கட்டம் தீப்பெட்டி அளவு.
என் கையெழுத்து கொஞ்சம் பெரிசு.

தொடங்கிய ஆண்டு தொண்ணூற்றேழு என்கிறாள் எஸ்தர் ரோஸ்லின்.
தொண்ணூற்றெட்டு என்கிறது தீர்மான நோட்டு.
நோட்டை நம்பமுடியாது.
இரண்டாயிரத்து ஐந்து மழையில்
மித்தி ஆறு வீட்டுக்குள் வந்து
முதல் பதினோரு பக்கத்தையும் படித்துவிட்டுப் போனது.

இடம் தாராவி, தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே,
பேச்சித்தாயின் மாடி.
மாடி என்றால் ஏணி.
கீழே அவள் கிரைண்டர் ஓடும்போது
மேலே எங்கள் ஊசியும் ஓடும், தானாகவே.
முதல் பத்துக் கோதடிகளில் தையல் கோணலாக இருந்ததற்கு
இட்லி மாவுதான் காரணம்.
கண்ணில் கோளாறில்லை.

மூலதனம்: எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெட்டிப்போட்ட
அக்குள் வளைவு, கழுத்து வட்டம்,
கிலோ ஆறு ரூபாய்.
ஒரு சட்டையில் கழுத்துக்கு வழிவிட்டால்
அந்த வழி எங்களுக்கு வந்துசேரும்.
எந்தத் தேசத்துக் கழுத்தோ.
உள்ளே வைக்கப் பழைய சேலை,
அது அவரவர் பெட்டியிலிருந்து.

பக்கத்துச் சந்து சுலோச்சனா காம்ப்ளே சேர்ந்த அன்று
முதல் சண்டை.
கோதடியை ஓரத்தில் தொடங்கி நடுவில் முடிக்கணும் என்றாள்.
நாங்கள் நடுப்புள்ளியிலிருந்து விரிகிறவர்கள்.
ஒரு வாரம் வாதம்.
அவளுக்குத் தெரிந்த தமிழ் ‘போடி’ மட்டும்.
அதை வைத்தே ஜெயித்தாள்.

நிதி முறைகேடு: ஆம், இல்லை, பொருந்தாததை அடிக்கவும்.

எதை அடிப்பது சார்?
ஒரு தீபாவளிக்கு முந்தி
டப்பாவில் நாலாயிரத்து முந்நூறு ரூபாய் இல்லை.
தலைவி செல்லத்தங்கம்
பொருளாளர் ஜுலைகாவைப் பார்த்தாள்.
பார்த்தாள், அவ்வளவுதான்.
அதன்பின் பதினாலு மாதம்
இருவருக்குள் பேச்சில்லை.
‘அவங்ககிட்ட சொல்லு’ என்றே கூட்டங்கள் நடந்தன.
சொல்லிச்சொல்லி எனக்குத் தொண்டை கட்டியது.

அப்போது வந்தது முலுண்டிலிருந்து ஒரு கல்யாண ஆர்டர்.
எட்டடிக்கு எட்டடி, முழுக்க வெள்ளை,
நாலு ஓரத்துக்கும் ஆள் வேண்டும்.
கிழக்கில் செல்லத்தங்கம், மேற்கில் ஜுலைகா,
நான்தான் உட்காரவைத்தேன். வேறு இடமில்லை.

ஓரத்தில் தொடங்கு, நடுவில் முடி.
ஒரு சுற்றுக்கு ஒரு விரற்கடை.
தைத்த பாகத்தின்மேல் நகர்ந்து உட்கார்ந்து
தைக்காத பாகத்தைத் தைக்கணும்.
முதல் வாரம் ஒருத்திக்கு மற்றவளின் வகிடு மட்டும் தெரிந்தது.
மூன்றாம் வாரம் வளையல் சத்தம்.
பத்தொன்பதாம் நாள் முட்டியும் முட்டியும் இடித்தன.
இடையில் ஒரு சாண் துணி.

செல்லத்தங்கத்துக்கு நூல் தீர்ந்தது.
யாரிடமும் கேட்கவில்லை, ஊசியை மட்டும் பிடித்திருந்தாள்.
ஜுலைகா தன் பைக்குள் துழாவி
ஒரு முழம் கடித்து நீட்டினாள்.
‘கறுப்பு.’
‘இருக்கட்டும்.’

அன்றைய தீர்மானமாக அந்த இரண்டு சொல்லைத்தான் எழுதியிருக்கிறேன்.
தேதி போட மறந்துவிட்டேன்.
வெள்ளைக்கு நடுவே என்ன கறுப்பு என்று
முலுண்டுக்காரர் ஐம்பது ரூபாய் பிடித்துக்கொண்டார்.
அது செலவுக் கணக்கில் இருக்கிறது.

பணம் கிடைக்கவில்லை.
ஏதோ ஒரு கோதடிக்குள் மடிப்போடு தைக்கப்பட்டுவிட்டது என்பது
எஸ்தரின் கருத்து.
அப்படியானால் யாரோ இன்று ராத்திரியும்
எங்கள் நிதியைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறார்.

தற்போதைய உறுப்பினர் இருபத்துமூன்று.
கடன் எதற்கு: இரும்புப் படிக்கட்டு ஒன்று.
ஏணியில் ஏற எங்கள் முட்டிகள் இப்போது சம்மதிப்பதில்லை.
மாடிக்குத் தனிக் கதவெண் கிடையாது,
பதிலைக் கீழே மாவுக்கடையில் கொடுக்கச் சொல்லவும்.

பத்து வரி தாண்டிவிட்டது.
மிச்சத் தாள்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.
எங்களிடம் ஸ்டேப்ளர் இல்லை.
பிரிக்க வேண்டுமானால் முடிச்சு இடது ஓரத்தில்,
இழுக்காதீர்கள்,
வெட்டுங்கள்.